விருந்தளித்தவர் முகம்

அயலூர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கோட்டைகளையும் மாளிகைகளையும் பற்றியே எழுதுகின்றனர். அவ்வூர்களில் தாம் உண்ட உணவைப் பற்றி எழுதுவோர் சிலர். உண்ணும் வேளையில் தாம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி எழுதுவோர் மிகமிகச் சிலர். அதற்குக் காரணம் உண்டு. கோட்டையின் முன்னே நாம் வெறும் பார்வையாளர். உணவு மேசையின் முன்னே அமரும்போதோ நம்மோடு நமது குணமும் வந்து அமர்ந்துவிடுகிறது. ஆசிரியத் தொழிலில் பல ஆண்டுகள் கழித்த நாங்கள் மூவர் ஓர் உணவகத்தில் மாணவர்களாகிப் பாடம் கேட்ட நிகழ்ச்சி ஒன்றை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

2019ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், கருத்தரங்கு ஒன்றை முன்னிட்டு இஸ்தான்புல் நகருக்குச் சென்றிருந்தோம். கருங்கடலுக்கும் மர்மராக் கடலுக்கும் இடையே, இரு கண்டங்களின் கரைகளிலும் காலூன்றி நிற்கும் பெருநகரம் அது. மர்மராக் கடலின் நீர் தார்தனெல்ஸ் நீரிணை வழியாக ஏஜியன் கடலை அடைந்து மத்தியதரைக் கடலோடு கலக்கிறது. நீர் கலந்த வழியே உணவும் கலந்திருக்கிறது. ஜைத்தூன் எண்ணெய், கத்தரிக்காய், பருப்பு, தயிர், கோதுமை ரொட்டி, மீன், எலுமிச்சை, புதினா என்று அக்கடலைச் சூழ்ந்த நாடுகள் பலவும் போற்றும் பொருள்கள் அந்நகரின் அடுப்படியிலும் முதன்மை பெறுகின்றன.

மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவு முறையை யுனெஸ்கோ நிறுவனம் 2010ஆம் ஆண்டில் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. ஸ்பெயின், கிரீஸ், இத்தாலி, மொராக்கோ ஆகிய நான்கு நாடுகளின் பெயரில் தொடங்கிய அப்பதிவில் 2013ஆம் ஆண்டில் சைப்ரஸ், குரோஷியா, போர்ச்சுகல் ஆகியவையும் சேர்ந்தன. துருக்கி அப்பட்டியலில் இல்லை. எனினும் அதே 2013ஆம் ஆண்டில் துருக்கியக் காப்பி மரபு தனியே அவ்வேற்பைப் பெற்றது. யுனெஸ்கோ அவ்வுணவு முறையைப் போற்றியதற்கு எண்ணெயும் காய்கறியும் மட்டுமே காரணமல்ல. ஒன்றாய் அமர்ந்து உண்பதும், வந்தவரை உபசரிப்பதும், அண்டை வீட்டாரோடு உறவு பேணுவதும் அம்மரபின் உறுப்புகள் என்றே அது குறிப்பிடுகிறது. இதனைப் பயணத்துக்கு முன்னரே படித்திருந்தோம். படித்தது வேறு, பழகியது வேறு என்பதை அங்கே சென்ற பின்னரே உணர்ந்தோம்.

முதல் நாள் மாலை, பயணிகள் மிகுதியாகக் கூடும் தெருவொன்றில் நடந்துகொண்டிருந்தோம். உணவகம் ஒன்றின் வாயிலில் நின்ற இளைஞர் நாங்கள் இந்தியர் என்பதை எவ்வாறோ உய்த்துணர்ந்து, இந்தித் திரைப்பட நடிகர் ஒருவரின் பெயரைச் சொல்லி அழைத்தார். உள்ளே அமர்ந்தவுடன் பெரிய தட்டு ஒன்றில் சிறு சிறு கிண்ணங்கள் வந்தன. பூண்டும் கீரையும் கலந்த கெட்டித் தயிர், சுட்டு மசித்த கத்தரிக்காய், திராட்சை இலையில் சுருட்டிய சோறு, காரமான தக்காளிக் கூட்டு எனப் பல. இவற்றுக்கு ‘மெஸே’ என்று பெயர். சுவை என்னும் பொருள்கொண்ட பாரசீகச் சொல் அது. நம்மூர்த் தெருக்களில் வழங்கும் ‘மஜா’வும் அச்சொல்லின் வழிவந்ததே. வீட்டுக்கு வந்த விருந்தினர்க்கு முதலில் இனிப்பு வைப்பதுபோல் இதுவும் ஓர் உபசாரம் என்று எண்ணிக்கொண்டோம். விலைப்பட்டியலைப் பார்க்கவும் இல்லை. எவரையும் கேட்கவும் இல்லை.

கணக்குச் சீட்டு வந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் விலை, ரொட்டிக்கு விலை, மேசையில் அமர்ந்ததற்கே தலைக்கு இவ்வளவு என்று ‘குவேர்’ என்னும் கட்டணம், அதற்கு மேல் பணிக் கட்டணம். எண்ணியிருந்த தொகையினும் இருமடங்குக்கு மிகுதி. வாயிலில் சிரித்த முகம் கணக்கு வேளையில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். அன்றிரவு விடுதி அறையில் மூவரும் ஒரு தீர்மானம் செய்தோம்: இனி இந்நகரில் நாம் கேளாது வரும் எதனையும் தொடுவதில்லை.

மறுநாள் நண்பகல் எமினோனுத் துறையிலிருந்து படகேறி, ஆசியக் கரையில் உள்ள உஸ்குதார் பகுதிக்குச் சென்றோம். அங்கே பக்கச் சந்து ஒன்றில் ‘எஸ்னாஃப் லொகந்தாசி’ என்னும் வகையைச் சேர்ந்த சிறு உணவகம் ஒன்று இருந்தது. கைவினைஞர், கடைக்காரர், சிறு வணிகர் ஆகியோர் நண்பகல் உணவுக்கு வரும் இடம் என்பது இதன் பொருள். இவ்வகை உணவகங்களில் காலையிலேயே சமைத்து முடித்து, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே சூடான தட்டுகளில் உணவை வரிசையாக வைத்திருப்பர். மொழி தெரியாதவர்க்கும் கவலையில்லை. விரும்பியதைச் சுட்டிக் காட்டினால் போதும்.

நாங்களும் சுட்டினோம். மைசூர்ப் பருப்பைக் கரைத்துக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து உண்ணும் ‘மெர்ஜிமெக்’ சாறு. கத்தரிக்காயைப் பிளந்து, வெங்காயமும் பூண்டும் தக்காளியும் அடைத்து, ஜைத்தூன் எண்ணெயில் வேகவைத்து ஆறிய பின் உண்ணும் ‘இமாம் பாயில்தி’. ‘இமாம் மயங்கி விழுந்தார்’ என்பது இப்பெயரின் பொருள். சுவையில் மயங்கினார் என்பாரும், செலவான எண்ணெயின் அளவைக் கேட்டு மயங்கினார் என்பாரும் உளர். முதல் நாள் கணக்குச் சீட்டை நினைந்து, இரண்டாவது கதையே உண்மையாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டோம்.

நாங்கள் அமர்ந்தவுடன் கடையின் முதியவர் ஒருவர் வந்தார். ஒரு கூடை நிறைய வெட்டிய ரொட்டி, ஒரு தட்டில் கீரை இலைகளும் வெங்காயமும் எலுமிச்சைத் துண்டுகளும். நாங்கள் கேட்டவை அல்ல. மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். உடனே ஒரு கை நீண்டது. தட்டையும் கூடையையும் அவர் பக்கம் தள்ளியது. கட்டைவிரலால் சுட்டுவிரலைத் தேய்த்து, ‘இதற்கும் பணமோ’ என்பதுபோல் சைகை காட்டியது. அக்கை எங்களுள் யாருடையது என்று பிரித்துச் சொல்வது நேர்மையாகாது. நீண்டது ஒருவர் கை, எண்ணம் மூவருடையது.

முதியவரின் முகம் சட்டென்று வாடிற்று. அவர் சினக்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூடையையும் தட்டையும் எடுத்துக்கொண்டு மெல்லத் திரும்பி நடந்தார்.

அதன் பின்னரே சுற்றிலும் பார்த்தோம். ஒவ்வொரு மேசையிலும் அதே ரொட்டிக் கூடை. அதே கீரைத் தட்டு. அடுத்த மேசையிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். இத்தகைய கடைகளில் ரொட்டிக்கு விலையில்லை. பசி தீருமட்டும் உண்ணலாம். கீரைத் தட்டும் அப்படியே. “நீங்கள் தொலைவிலிருந்து வந்தவர்கள் என்று உங்களுக்குத் தட்டில் மிகுதியாக வைத்துக் கொண்டுவந்தார்” என்று முடித்தார் அம்மாணவர்.

தமிழ் கற்பிப்போர்க்கு அவ்வேளையில் நினைவுக்கு வரவேண்டியது வந்தது. விருந்தோம்பல் அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர், மோந்த அளவில் குழையும் அனிச்ச மலரினும் விருந்தினர் மனம் மென்மையானது என்கிறார். விருந்தளிப்பவர் முகம் வேறுபட்டாலே போதும், அது வாடிவிடும். இக்குறளை எத்தனை முறை வகுப்பில் நடத்தியிருப்போம்! ஆனால் விருந்தளிப்பவர் மனமும் ஓர் அனிச்சமே என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. கொடுப்பவர் வன்மையுடையவர், பெறுபவரே மென்மையானவர் என்று கருதியிருந்தோம். அன்று உஸ்குதாரில் வாடியது விருந்தினர் முகமன்று, விருந்தளித்தவர் முகம்.

எங்களுள் மூத்தவர் எழுந்து முதியவரிடம் சென்றார். என்ன மொழியில் பேசுவது? அந்நாட்டில் சமையற்காரரையும் தொழில் தேர்ந்தவரையும் ‘உஸ்தா’ என்று மரியாதையுடன் அழைப்பர். நாம் ‘உஸ்தாத்’ என்று சொல்லும் அதே சொல். மூத்தவர் வலக்கையை மார்பில் வைத்து, “உஸ்தா” என்று மட்டும் சொல்லித் தலைதாழ்த்தி நின்றார். முதியவர் ஒருகணம் அவரையே நோக்கினார். பின்னர் அவர் தோளைத் தட்டிவிட்டு, அதே கூடையை மீண்டும் கொண்டுவந்து வைத்தார். “ஆஃபியெத் ஓல்சுன்” என்றார். ‘இவ்வுணவு உங்களுக்கு நலம் தருவதாகுக’ என்பது பொருள். ‘ஆஃபியத்’ என்னும் சொல் நம் வீட்டுப் பெரியவர்களின் பிரார்த்தனைகளில் நாள்தோறும் ஒலிப்பதன்றோ!

உண்டு முடித்ததும் இடை சிறுத்த கண்ணாடிக் குவளைகளில் தேநீர் வந்தது. கணக்குச் சீட்டில் அதற்கு விலையில்லை. காரணம் கேட்டபோது அவர் சொன்ன ஒரே சொல் ‘இக்ராம்’. கண்ணியப்படுத்துதல் என்னும் அச்சொல்லை அறியாத முஸ்லிம் இல்லம் நம் பக்கத்தில் அரிது. பொருள் அறிந்த சொல்தான். அதன் சூட்டை அன்றுதான் கையில் ஏந்தினோம்.

அந்தத் தேநீரை அருந்தும்போது காயல்பட்டினத்துத் திருமண வீடு ஒன்று நினைவில் எழுந்தது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர் ஒருவரை அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். வானம் பார்த்த உள்நாட்டுச் சிற்றூரிலிருந்து வந்தவர். ‘சஹன்’ என்னும் பெருந்தட்டில் களரிக் கறியும் சோறும் வைத்து, ஒரு தட்டைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்ணும் வழக்கம் அவருக்குப் புதிது. பிறர் கை படும் தட்டில் கை வைக்கத் தயங்கி நின்றார். எங்களுக்குச் சிறிது வருத்தமே உண்டாயிற்று. ஆனால் பந்தி விசாரித்த பெரியவரின் முகத்தில் மாற்றமில்லை. “தம்பிக்கு ஒரு தனித்தட்டு கொண்டாங்க” என்று உள்ளே குரல் கொடுத்தார். சஹனில் இருந்த நல்ல கறித் துண்டுகளைத் தம் கையாலேயே அத்தட்டில் எடுத்து வைத்தார். அம்மாணவர் பிற்காலத்தில் எங்களைக் காணும்போதெல்லாம் அப்பெரியவரின் நலம் விசாரிக்கத் தவறியதில்லை.

புதியவரின் தயக்கத்தை அப்பெரியவர் அவமதிப்பாகக் கொள்ளவில்லை. புதிய ஊரின் அன்பையோ நாங்கள் சூழ்ச்சியாகக் கொண்டோம். முதல் நாள் ஏமாந்தது உண்மை. அக்கடையில் கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேளாது, கணக்கை மறுநாள் குற்றமற்ற ஒருவரிடம் தீர்த்துக்கொண்டதே எங்கள் பிழை. ஒருவர் செய்ததற்காக ஓர் ஊரையே ஐயுறுவது எளிது. அவ்வாறு ஐயுறப்படுவதன் வலியை நம்முள் அறியாதவர் எத்தனை பேர்? அறிந்திருந்தும் அதே வலியைப் பிறர்க்குக் கொடுத்தோமே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

திரும்பும் வழியில் ரொட்டிச் சுடுமனை ஒன்றில் ‘அஸ்கிதா எக்மெக்’ என்னும் அறிவிப்பைக் கண்டோம். ‘கொக்கியில் தொங்கும் ரொட்டி’ என்பது அதன் பொருள். ஒருவர் இரண்டு ரொட்டிக்குப் பணம் கொடுத்து ஒன்றை எடுத்துச் செல்வார். மற்றொன்று இல்லாதவர்க்காகக் காத்திருக்கும். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று ஒருவரையொருவர் அறியார். நாங்களும் மூன்று ரொட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு படகேறினோம். அதனால் அம்முதியவருக்குச் செய்த பிழை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டோம்.

ஒவ்வோர் ஆண்டும் சூன் திங்களில் நம் கல்லூரி விடுதியின் உணவுக் கூடத்துக்குப் புதிய மாணவர்கள் வருகின்றனர். சிலர் தட்டைத் தள்ளுவர்; சிலர் தயங்குவர்; சிலர் முன்பு எங்கோ பட்ட ஏமாற்றத்தால் எவரையும் நம்பாது மூலையில் அமர்வர். அவர்களைக் காணும்போது மூத்த மாணவர்கள் முகம் வாடவேண்டா. ரொட்டிக் கூடையை மீண்டும் கொண்டுவந்து வைத்த அந்த உஸ்தாவைப் போல, இன்னொரு முறை தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினால் போதும்.