இரண்டு மில்லிமீட்டர்

சண்டை இரண்டு மில்லிமீட்டருக்காக. ஆட்டோக்காரர் பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி வந்த கம்பி 22 மில்லிமீட்டர் கனம். மெக்கானிக் எடுத்து வைத்திருந்தது 20. "கெட்டியா இருந்தாத்தானே மேஸ்திரி, ஆட்டம் நிக்கும்?" என்று இவர் கேட்டார். "ஆட்டம் நிக்கும், வண்டி நிக்குமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

சித்தூரிலிருந்து புத்தூர் போகும் சாலையில் கங்காதர நெல்லூர். தகரக் கூரை போட்ட பட்டறை. சித்தூர் 1911-இல் தனி மாவட்டம் ஆகும்வரை வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. இன்றைக்கும் இங்கே ஒரு வாக்கியம் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிவது சகஜம். இவர்கள் சண்டையும் அப்படித்தான் நடந்தது. நான் போனது மாம்பழக் காலத்தில். தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலை வாசல்களில் வரிசை கட்டும் நாட்கள் அவை. ஆலைகளில் பழம் கழுவவும் நறுக்கவும் போகும் பெண்களைச் சுற்றுக் கிராமங்களிலிருந்து கூட்டி வருவது ஷேர் ஆட்டோக்கள். மூன்று பேருக்கு அனுமதி உள்ள வண்டியில் பத்துப் பேருக்குக் குறைந்து நான் பார்க்கவில்லை. அந்தப் பாரத்தோடு வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதைத்தான் ஓட்டுநர்கள் 'ஆட்டம்' என்கிறார்கள்.

அதற்கு மருந்துதான் ஸ்டெபிலைசர் ராடு. கார்களின் அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்பிரிங் எஃகுக் கம்பி அது. நடுப்பகுதி சேஸில் ரப்பர் புஷ்ஷுக்குள் உட்கார்ந்திருக்கும். இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களின் கைகளைப் பிடித்திருக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்து எழுந்தால் கம்பி சும்மா சுழலும். ஒன்று மட்டும் எழுந்தால் முறுக்கேறி, மற்றதையும் கூட இழுக்கும். அதனால் சாய்வு குறைகிறது.

ஆட்டோக்காரர் இதைக் கைபேசியில் பார்த்திருக்கிறார். கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007-இல் அறிமுகப்படுத்திய கேன்-ஆம் ஸ்பைடர் என்ற மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில், கூட வரும் கம்பியைக் கழற்றிவிட்டு இன்னும் கெட்டியான கம்பி போட்டுக்கொள்வது பிரியர்களிடையே பழக்கம். ஆனால் அந்த வண்டிக்கு முன்னால் இரண்டு சக்கரம். நம் ஆட்டோவுக்கு முன்னால் ஒன்றுதான், அதைப் பிடித்துச் சாய்வைத் தடுக்க முடியாது. சாய்வைத் தடுக்க வேண்டியவை பின் சக்கரங்கள்தான்.

கம்பியின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20-ஐ 22 ஆக்கினால் கனம் பத்து சதவீதம்தான் கூடுகிறது. விறைப்போ 46 சதவீதம் கூடிவிடும். மேஸ்திரிக்கு இந்தக் கணக்கு தெரியாது. "ரெண்டு மில்லி ஏத்தினா, ஒரு பக்கம் பள்ளத்துல விழுந்தா ரெண்டு பக்கமும் தூக்கிப் போடும். வளைவுல உள்பக்கச் சக்கரம் மிதக்கும், எஞ்சின் சும்மா சுத்தும்" என்றார். கணக்கு சொல்வதும் அதையேதான்.

வேலை கம்பியில் தொடங்கவில்லை. முதலில் ஸ்விங் ஆர்ம் புஷ்களைத் தட்டி வெளியே எடுத்தார். ரப்பர் பிய்ந்து, உள்ளே இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்தன. "பாதி ஆட்டம் இங்கதான் சார் இருக்குது. இத மாத்தாம ராடு போட்டா காசு தண்டம்." புது புஷ் ஏறிய பிறகுதான் தன் 20 மில்லிமீட்டர் கம்பியைக் கையில் எடுத்தார். மண்ணெண்ணெயில் துடைத்து, உலர்த்தி, சாக்பீஸ் தூளைத் தடவிக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெள்ளையில் கோடாகக் கசிந்து வரும். வளைவுகளில் ஒன்றும் வரவில்லை. ஆய்வுக்கூடங்களில் இதையே சாயம் வைத்துச் செய்கிறார்கள்.

கார் கம்பி ஆட்டோவின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தாது. சூடாக்கி வளைத்துவிடலாம் என்று ஆட்டோக்காரர் காஸ் வெல்டிங்கைக் காட்டினார். மேஸ்திரிக்குக் கோபமே வந்துவிட்டது. சூடு காட்டினால் டெம்பர் போகும், கம்பி அப்புறம் வெறும் இரும்பு. கம்பியைத் தொடாமல், அதைத் தாங்கும் பட்டைகளையும் முனை இணைப்புகளையும் வெட்டி, அளந்து, திரும்ப வெட்டினார். சைலன்சருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் வழி கண்டுபிடிக்கவே மதியமானது. எல்லாம் கிளாம்பும் போல்ட்டும்தான். சேஸில் வெல்டிங் கிடையாது. வண்டியின் மூல அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) போகும்போது கழற்ற வேண்டுமே என்பதும் காரணம். இதை மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னார், நான் சிரிக்கவில்லை. ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் நின்ற பிறகே நட்டுகளைக் கடைசியாக முறுக்கினார். தூக்கி நிறுத்தியபடியே முறுக்கினால் ரப்பர் எந்நேரமும் திருகியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும்.

சோதனை ஓட்டத்தில் பின்சீட்டில் நானும் இருந்தேன். சாய்வு குறைந்தது தெளிவாகவே தெரிந்தது. என் பயம் அங்கேதான் தொடங்கியது. கம்பி சாய்வைக் குறைக்கிறது. கவிழும் எல்லையை அது அதிகம் நகர்த்துவதில்லை. முன் சக்கரத்தையும் ஒரு பின் சக்கரத்தையும் இணைக்கும் கோட்டைப் பாரம் தாண்டினால் வண்டி விழும். சக்கரங்களுக்கிடையே நீளம் 2 மீட்டர், பின் அகலம் 1.15 மீட்டர் உள்ள ஆட்டோவில், எடையின் மையம் பின் அச்சிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால் அந்தக் கோடு பக்கவாட்டில் 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். மையம் 90-க்கு முன்னேறினால் 32 தான். ஓட்டுநருக்கு இருபுறமும் ஆள் உட்கார்ந்தால் மையம் முன்னே வருகிறது. வளைவில் பிரேக் பிடித்தால் பாரம் இன்னும் முன்னால் பாயும். அதுவரை உடம்புக்கு எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது சாய்வு ஒன்றுதான். 22 போட்டிருந்தால் அதுவும் இன்னும் குறைந்திருக்கும்.

மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "அதான் 20 போட்டேன். கொஞ்சம் சாயட்டும், அவனுக்குத் தெரியட்டும்" என்றவர், ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினார். "முன்னாடி ஆள் ஏத்தாதப்பா."

"ரெண்டு பக்கமும் ரெண்டு ஆள் ஏத்தினாத்தாண்ணா எனக்கு டீசல் காசு" என்றார் அவர். ஓட்டுநர் சீட்டின் இருபுறமும் நீண்டிருந்த பலகையின் அடியில் பார்த்தேன். தாங்கு பட்டைகளுக்குச் சுத்தமான வெல்டிங். யார் வைத்தது என்று கேட்டேன். போன வருஷம் இங்கேதான் வைத்தோம் என்றார் ஆட்டோக்காரர். மேஸ்திரி ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டே, ஒரு வாரம் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி முறுக்க வண்டியைக் கொண்டுவரச் சொன்னார்.