குரல் இல்லாத மூன்று பாட்டு

என் பழைய ஹார்ட் டிஸ்கில் மூன்று பாட்டு இருக்கிறது. பல்கலைக்கழக ஹாஸ்டலில், சன்னலுக்கு மெத்தையைச் சாய்த்து வைத்துப் பதிவு செய்தோம். கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் உண்டு. குரல் மட்டும் இல்லை. "உன் குரல் ப்ளூஸுக்கு ஒத்து வராதுடா" என்று நான்தான் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கடைசி செமஸ்டர் முடிந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

போன மாதம் நைட் ஷிப்டில் ரைசிங் சன்ஸ் கேட்டுக்கொண்டிருந்தேன். பெயரைக் கேட்டு யாரும் தலையாட்ட மாட்டார்கள். 1965, லாஸ் ஏஞ்சலிஸ். பாடகர் தாஜ் மகால் (அவரே வைத்துக்கொண்ட மேடைப் பெயர்), வயது 23. கிட்டாரில் ரை கூடர், வயது 18. பின்னாளில் நம்ம விஸ்வ மோகன் பட்டோடு 'எ மீட்டிங் பை தி ரிவர்' வாசித்தாரே, அவரேதான். கருப்பரும் வெள்ளையரும் சேர்ந்த ராக் குழு அன்றைய அமெரிக்காவில் அபூர்வம். கொலம்பியா ஒப்பந்தம் போட்டது. பேர்ட்ஸ் குழுவின் தயாரிப்பாளர் டெர்ரி மெல்ச்சரே இவர்களையும் பதிவு செய்தார். 1966இல் வந்தது ஒரே ஒரு சிங்கிள். ஓடவில்லை. ஆல்பம் வராமலே குழு கலைந்தது.

கேட்டால் காரணம் ஓரளவு புரிகிறது. ஒரு பாட்டு ஸ்கிப் ஜேம்ஸின் பழைய ப்ளூஸ், இன்னொன்று ரேடியோவுக்கான பாப். 'டேக் எ ஜயண்ட் ஸ்டெப்'பை இங்கே அவசரமாகப் பாடுகிறார்கள். அதையே தாஜ் 1969இல் தனியாக நிதானமாகப் பாடினார். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் 'ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்' கேளுங்கள். பையன்கள் வேலை என்றே தோன்றாது.

அந்த டேப்புகள் 1992இல்தான் சிடியாக வந்தன. சில பாட்டுகளுக்கு தாஜ் அப்போதுதான் குரல் கொடுத்தார். பின்னால் வாசிப்பவர்கள் இருபது வயதுக்காரர்கள், பாடுகிறவருக்கு ஐம்பது. கிட்டார் ஓடுகிறது, குரல் ஓடவில்லை. இரண்டும் ஒட்டவில்லை என்றுகூடச் சொல்லலாம். நான் மூன்று தடவை திரும்பப் போட்டேன்.

காலையில் ஷிப்ட் முடிந்து, கார் பார்க்கிலிருந்தே அவனுக்கு நம் பாட்டில் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா. இப்ப பாடுறியா?"

இரண்டு நாள் நீல டிக் மட்டும்தான். அப்புறம் பதில்: "கீ கொஞ்சம் எறக்க முடியுமா மச்சான்? இப்பல்லாம் அவ்ளோ மேல போவாது."

இறக்கலாம். கிட்டார் சத்தம் கொஞ்சம் கெட்டுப்போகும்.