மூச்சுக் கணக்கு

மூச்சுப் பயிற்சி என்றதும் காவி விரிப்பும் சம்மணமும் ஓம் என்கிற சத்தமும்தான் நம் கண்முன் வந்து நிற்கின்றன. மூச்சுக்கு யார் பூணூல் மாட்டிவிட்டது? பிறந்த பிள்ளை எந்தக் குருவையும் கேட்டு மூச்சு விடுவதில்லை. ஆனால் ஆஸ்துமாக்காரன் மட்டும் வளர்ந்த பிறகு அதைத் திரும்பவும் கற்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது நாற்பத்திரண்டு வயதில் நடந்தது. கற்றதையும், கற்கப்போன இடத்தில் பட்டதையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும்.

எனக்கு வாணியம்பாடிப் பக்கம். பாலாற்றங்கரை. டேனரிக்கு மேற்கே ஆறு, கிழக்கே எங்கள் சேரி. ஆடி மாசம் மேக்கத்திக் காத்து அடிச்சா சோத்துத் தட்டுலயே அழுகின தோல் நாத்தம் வரும். எங்க நைனா முப்பது வருசம் அங்கே வேலை செய்தார். சுண்ணாம்புக் குழியில் இறங்கினார். அப்புறம் குரோம் போட்டுப் பதனிட்ட தோலைத் தேய்க்கிற மிஷினில் நின்றார். அதிலிருந்து கிளம்பும் தூசிக்கு வாயில் கட்டிய ஈரத்துண்டுதான் காவல். வீட்டுக்கு வந்தால் படுக்க முடியாது. ராத்திரி பூரா சுவத்துல சாஞ்சி குந்தினபடியே தூங்குவார். நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துற மாதிரி சத்தம் வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கேட்கிற முதல் கேள்வி, "பீடி குடிக்கிறியா?" அவர் பீடியைத் தொட்டவரில்லை. இரண்டாவது, "சாராயமா?" மூன்றாவதாக, "என்ன வேலை செய்யறே?" என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. குரோமிய உப்பு வேலையிடத்தில் ஆஸ்துமாவை உண்டாக்கும் என்று மருத்துவம் அறிந்தே வைத்திருக்கிறது. நைனாவின் சீட்டில் அது ஏறவில்லை. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றித் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்றது. பெரிய தீர்ப்புதான். ஆனால் அது கழிவுநீர் வழக்கு. ஆறு கெட்டது, கிணறு கெட்டது, நிலம் கெட்டது எல்லாம் அதில் வந்தது. உள்ளே நின்றவனின் நெஞ்சுக்குள் போன தூசி இன்னொரு வழக்கு. அதை யாரும் போடவில்லை.

நான் டேனரிக்குப் போகவில்லை. ஷூ கம்பெனியில் பசை பூசும் பகுதியில் ஒன்பது வருசம் இருந்தேன். இழுப்பு வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச மூச்சுப் பயிற்சி முகாம் என்று நோட்டீஸ் பார்த்துப் போனேன். பயிற்சி கொடுத்தவர் மூச்சைப் பற்றிக் கேட்கவில்லை. என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "மாட்டுக்கறி தமோகுணம். அத விட்டாலே இழுப்பு போயிடும். அந்த இன்ஹேலரையும் தூக்கிப் போடுங்க" என்றார். நான் சொன்னேன்: "ஐயா, எங்க நைனாவுக்கு இழுப்பு வந்தது கறியத் தின்னு இல்ல, தோலத் தேச்சி. அந்தத் தோல்ல செஞ்ச பெல்ட்டத்தான் நீங்க கட்டியிருக்கீங்க." மண்டபத்தில் ஒருத்தரும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கற்றுக்கொடுத்தது அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த ஒரு தங்கச்சி. சாதியும் கேட்கவில்லை, சாப்பாடும் கேட்கவில்லை. "அண்ணா, ஒங்களுக்குக் காத்து உள்ள போறதவிட வெளிய வர்றதுதான் கஷ்டம்" என்று ஆரம்பித்தாள். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது. காற்றை வெளியே விடும்போது குழாய் மேலும் குறுகுகிறது. பழைய காற்று உள்ளேயே தேங்கி நிற்கிறது. நிறைந்த குடத்தில் இன்னும் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி நாம் மேலே மேலே இழுக்கிறோம். பயம் வந்ததும் வாயைத் திறந்து, தோளைத் தூக்கி, வேக வேகமாக இழுக்கிறோம். அப்படி இழுத்தால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை சுற்றுகிறது, விரல் மரத்துப்போகிறது. அதைப் பார்த்து இன்னும் பயம் வருகிறது.

பயிற்சி இந்தச் சுற்றை உடைப்பதற்குத்தான். தோளைத் தளர்த்தி உட்கார வேண்டும். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூக்கு வழியாக மெதுவாக, கொஞ்சமாக இழுக்க வேண்டும். வயிற்றுக் கை எழும்ப வேண்டும், நெஞ்சுக் கை சும்மா இருக்க வேண்டும். இரண்டு எண்ணுகிறவரை உள்ளே, நாலு எண்ணுகிறவரை வெளியே. மூச்சு வாங்கும்போது உதட்டைக் குவித்துச் சூடான டீயை ஊதுகிற மாதிரி விடலாம். காலையில் பத்து நிமிசம், ராத்திரி பத்து நிமிசம். "அடக்கிப் புடிக்காதீங்கண்ணா, சண்ட போடாதீங்க, வுட்டுப் புடிங்க" என்பாள்.

இதில் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களின் மூச்சுப் பயிற்சி பற்றிய 22 ஆய்வுகளை, 2,880 பேரின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பு 2020இல் தொகுத்துப் பார்த்தது. அன்றாட வாழ்க்கை இலகுவாகிறது என்பதற்கு ஓரளவு சான்று இருந்தது. 2018இல் பிரிட்டனில் 655 பேரிடம் நடந்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியம். நேரில் பிசியோதெரபிஸ்டிடம் பழகியவர்களுக்கும், வீட்டில் டிவிடியும் புத்தகமும் வைத்துத் தானே பழகியவர்களுக்கும் ஒரே அளவு பலன். குருபீடம் தேவைப்படவில்லை! ஆனால் ஊதிப் பார்க்கும் அளவில் மாற்றமில்லை, மூச்சுக்குழாயின் வீக்கமும் குறையவில்லை. வீக்கத்தைக் குறைப்பது தினமும் இழுக்கிற ஸ்டீராய்டு மருந்துதான். இன்ஹேலரைத் தூக்கிப் போடு என்று சொல்கிறவன் கொலைக்குத் துணை போகிறான். நோய் முற்றி மூச்சு முட்டும்போது செய்ய வேண்டியது நிமிர்ந்து உட்கார்ந்து மருந்தை இழுப்பதும், கேட்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும்தான்.

இன்ஹேலரோடு மாட்டுகிற ஸ்பேசர் வாங்கக் காசில்லை என்பார்கள் நம் சனங்கள். கேப்டவுன் டாக்டர்கள் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் நுழைகிற அளவுக்குத் துளை போட்டு, ஆஸ்துமாக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசர் அளவுக்கே அது வேலை செய்தது என்று 1999இல் எழுதினார்கள். இதுவல்லவா சேரிக்குள் வரவேண்டிய செய்தி.

ஊதிப் பார்க்கும் மிஷினுக்கும் ஒரு சாதிக் கதை உண்டு. ஸ்பைரோமீட்டரை 1846இல் இங்கிலாந்தில் செய்து காட்டியவர் ஜான் ஹட்சின்சன். கொஞ்ச வருசத்திலேயே அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்கிற அடிமை முதலாளி டாக்டர், கறுப்பர்களின் நுரையீரல் வெள்ளையர்களைவிட 20 சதவீதம் சிறியது என்று அளந்து சொன்னார். அடிமை வேலைதான் அவர்கள் ரத்தத்தைச் சுத்தமாக்குகிறதாம். பஞ்சும் புழுதியும் பசியும் கணக்கில் வரவில்லை. அந்தப் புத்தி 'இனத் திருத்தம்' என்ற பெயரில் மிஷினுக்குள் குடியேறியது. இனம் பார்க்காத கணக்கைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் 2023இல்தான் சொன்னது. உழைப்பும் வறுமையும் தின்ற நுரையீரலைப் பிறவிக் குறை என்று எழுதிவிட்டால் நட்டஈடு கேட்க ஆளிருக்காது. மனுவும் இதே கணக்கைத்தானே போட்டான்?

மூச்சைக் கவனிப்பது வேதக்காரர்களின் தனிச்சொத்து அல்ல. உள்ளே போவதை அறிந்து, வெளியே வருவதை அறிந்து, வலுக்கட்டாயம் செய்யாமல் இருக்கும் ஆனாபானசதியைப் புத்தர் கற்பித்தார். அந்தப் புத்தரை நமக்கு மீட்டுக் கொடுத்த அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) ஒரு சித்த வைத்தியர். 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டவர். நெஞ்சு நோய்க்காரர்களுக்கென்று பெயர்போன தாம்பரம் சானடோரியத்தில், 2005இல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் ஆஸ்பத்திரிக்கு இன்று அவர் பெயர். நாம் யாரிடமும் மூச்சைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெரு அம்பேத்கர் படிப்பகத்தில் எட்டுப் பத்துப் பேர் உட்காருகிறோம். தோல் வேலை செய்தவர்கள், துப்புரவு வேலை செய்கிறவர்கள், விறகடுப்பு ஊதியே நெஞ்சு கெட்ட பெண்கள். "மூச்ச வுடவும் கிளாசா?" என்று ஒரு அக்கா முதல் நாள் சிரித்தாள். இப்போது அவள்தான் இரண்டு, நாலு என்று எண்ணுகிறாள். பயிற்சி முடிந்ததும் ஒரு நோட்டை எடுக்கிறோம். யார், எந்தக் கம்பெனி, எந்தப் பகுதி, எத்தனை வருசம், எப்போது இழுப்பு வந்தது என்று எழுதுகிறோம். டாக்டர் கேட்காத அந்த மூன்றாவது கேள்வியை நாமே கேட்டுக்கொள்கிறோம். இதுவரை 37 பேர் எழுதியிருக்கிறார்கள்.