வெந்நீரில் ஒளுச் செய்தால் நன்மை குறையுமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



போடிநாயக்கனூரில் சிறுபிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கின்ற நம்மிடம், ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு பிள்ளை தவறாமல் கேட்டுவிடுகின்ற கேள்வி ஒன்று உண்டு. தக்பீர் கட்டியபின் மெதுவாக ஓதுவதற்கென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த துஆக்களில் ஒன்றில், நம் பாவங்களைத் தண்ணீராலும் பனிக்கட்டியாலும் ஆலங்கட்டியாலும் கழுவிவிடுமாறு அல்லாஹ்விடம் வேண்டுகிறோம். அதற்குப் பொருள் சொல்லும்போது, “ஸல்ஜ் என்றால் என்ன ஹஜ்ரத்?” என்று ஒரு விரல் உயரும். பனி என்போம். உடனே பிள்ளைகள் மார்கழிக் காலையில் மேற்கு மலையை மறைத்து நிற்கும் வெண்திரையை நினைத்துக்கொள்வார்கள். அதைக்கொண்டு எப்படிக் கழுவுவது என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி.

பிள்ளைகள் மீது குற்றமில்லை. புல்லில் படியும் துளியும் பனி, மலையை மூடும் மூட்டமும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி என்று தமிழில் நாம் ஒரு சொல்லையே வைத்திருக்கிறோம். கொட்டுகின்ற பனியை நம் ஊர் கண்டதில்லை. ஆலங்கட்டியாவது கோடை மழையில் எப்போதாவது ஓட்டின் மேல் விழுந்து ஓசை எழுப்பும். பல ஆண்டுகள் நாமும் குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டில் படியும் வெள்ளையைக் காட்டியே பாடத்தை முடித்து வந்தோம். ஏட்டில் மட்டுமே அறிந்த ஒன்றைப் பற்றி ஓர் ஆசிரியர் பேசும்போது அவருடைய குரலில் ஐயம் சற்றும் இருப்பதில்லை. அந்த உறுதியினால் நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

2018ஆம் ஆண்டை நம் மலையடிவார மக்கள் மறக்க மாட்டார்கள். மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறச் சென்ற பிள்ளைகள் அதில் சிக்கினர். ஆகஸ்டில் கேரளப் பெருவெள்ளம். இடுக்கி மாவட்டத்தின் சாலைகள் சரிந்தன. போடிமெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் சென்று வரும் நம் ஊர்ப் பெண்கள் பல நாள் வேலையின்றி வீட்டிலிருந்தனர். நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கு அருகில் கரையேறிய கஜா புயல், கடலோரத்தைச் சிதைத்தபின் கொடைக்கானல் மலையையும் விட்டுவைக்காமல் மேற்கே சென்றது. தீயும் நீரும் காற்றும் வந்துவிட்டன, இனி என்ன என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதுதான், 2019 ஜனவரியின் தொடக்கத்தில் மூணாற்றில் உறைபனி இறங்கிற்று.

மூணாற்றுக்கு உறைபனி புதிதன்று. ஆண்டில் ஓரிரு நாள் பள்ளத்தாக்குகளின் புல் வெளுக்கும். வெயில் ஏறினால் மறையும். அவ்வாண்டு அது நாள்தோறும் தொடர்ந்தது. வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே மூன்று பாகை வரை சென்றதாக நாளேடுகள் எழுதின. செண்டுவரை, லெட்சுமி, சைலன்ட் வாலி முதலிய தோட்டப் பகுதிகளின் பெயர்கள் அந்நாட்களில் எல்லாச் செய்திகளிலும் அடிபட்டன. இது வானிலிருந்து கொட்டுகின்ற பனி அன்று. மேகமற்ற, காற்றசையாத இரவில், நிலம் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை வானுக்குத் திருப்பிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்குகிறது. அங்கே காற்றிலுள்ள ஈரம் புல்லிலும் தேயிலையிலும் படிந்து பளிங்காகிறது. வெயில் பட்டவுடன் பளிங்கு உருகும். ஆனால் உறைந்து உயிரணு சிதைந்த இலை ஓரிரு நாளில் நெருப்பில் வாட்டியது போல் கருகிவிடும். ஏலச்செடிகள் பெருமரங்களின் நிழலில் வளர்பவை. அந்த மரக்கிளைகள் இரவில் வெப்பம் தப்பிப்போகாமல் போர்வை போல் தடுக்கும். நிழல் குறைந்த தேயிலைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. காட்டு மரங்களை வெட்டாமல் ஏலம் போட்ட நம் முன்னோர் இதையெல்லாம் கணக்கிட்டார்களா, அல்லது அல்லாஹ் அவர்கள் கைகளைக் கொண்டு அப்படிச் செய்வித்தானா என்பதை அவனே அறிவான்.

அந்த ஜனவரியில்தான் மூணாற்றுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சிறு தொழுகைக் கூடத்தில், அங்குள்ள இமாம் ஊருக்குச் சென்றிருந்த காரணத்தால், சில வாரங்கள் தொழவைக்கும் பொறுப்பு நமக்கு வந்தது. ஜீப் போடிமெட்டின் வளைவுகளில் ஏறி, பூப்பாறையையும் ஆனையிறங்கலையும் கடந்து, தேவிகுளம் வழியே சென்றது. எதிரும் புதிருமாகச் சுற்றுலா வண்டிகள். வெள்ளைப் புல்லின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள எங்கிருந்தெல்லாமோ மக்கள் வந்திருந்தனர். அவர்களைக் குறை கூற நமக்கு வாயில்லை. மறுநாள் காலையில் நாமும் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். அதே புல்லைத் தாண்டி, தலையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பெண்கள் கொழுந்து எடுக்கச் சென்றார்கள். கருகிய செடியில் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லாத நாளில் எடை இல்லை. எடைக்கு மேல் கிடைக்கும் கூடுதல் காசும் இல்லை.

அங்கே தொழ வருபவர்கள் இருபது பேர் இருப்பார்கள். கடை வைத்திருப்போர், ஓட்டுநர்கள், மலையாளம் பேசும் ஷாஃபிஈ மத்ஹபினர் சிலர், தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்கள் சில. மஃரிபுக்குப் பின் ஏழெட்டுப் பிள்ளைகள் ஓத வருவார்கள். முதல் நாளே அவர்களுக்கு ஒளுவின் சிறப்பைப் பற்றிப் பாடம் நடத்தினோம். சிரமமான நேரத்திலும் உறுப்புகளை நிறைவாகக் கழுவி ஒளுச் செய்வது பாவங்களை அழித்துப் படித்தரங்களை உயர்த்தும் என்ற நபிமொழியை விளக்கினோம். சுற்றிலும் குளிர், எடுத்துக்காட்டுக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. குளிர்ந்த நீர் உடலை உறுத்த உறுத்த நன்மை கூடும் என்ற பொருள்பட, நம்முடைய சொந்தச் சரக்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டோம். பிள்ளைகள் கண் இமைக்காமல் கேட்டார்கள். நல்ல பாடம் என்று நமக்குள் மகிழ்ந்தோம்.

நான்காம் நாள் ஸுப்ஹுக்கு, வழக்கமாக அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் ஒரு சிறுவன் வரவில்லை. அவனுக்குப் பதினொரு வயது. முன்பே இழுப்பு நோய் உள்ளவன் என்பதை நாம் அறிந்திருக்கவில்லை. விசாரித்தபோது, இரவோடு இரவாக ஜீப்பில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருக்கிறார்கள் என்று தெரிந்தது. மூச்சு விட முடியாமல் உதடு நீலம் பூத்துவிட்டதாம். அன்று பகலில் நாமும் சென்றோம். மூக்கில் குழாயுடன் அவன் உறங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் எழுந்து நின்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். நம்மீது கோபப்படவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“ஹஜ்ரத், வெந்நீர்ல ஒளுச் செஞ்சா நன்மை குறைஞ்சிருமா?”

பிறகுதான் முழுவதும் விளங்கிற்று. அவர் விடியலில் விறகடுப்பைப் பற்றவைத்து மகனுக்கு வெந்நீர் வைப்பவர். மூன்று நாளாக அவன் அதைத் தொடவில்லை. வெளியே வைத்திருந்த பீப்பாயின் மேல் கண்ணாடி போல் படிந்திருந்த பனி ஏட்டைச் செம்பால் உடைத்து, அந்த நீரில் முழங்கை வரையும் கணுக்கால் வரையும் மும்மூன்று முறை கழுவியிருக்கிறான். “வெந்நீர்னா நன்மை பாதிதாம்மா, ஹஜ்ரத் சொன்னாங்க” என்று தாய்க்குச் சொல்லியும் இருக்கிறான். பாதி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவன் அப்படிக் கேட்டுக்கொள்ளும்படிதான் சொல்லியிருந்தோம்.

குறையாது என்று அந்தத் தாய்க்கு விடை சொன்னோம். குரல் எழவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம், ஓதும் காலத்தில் உஸ்தாதுகளிடம் நாம் பாடம் கேட்ட ஒரு நிகழ்ச்சி நெஞ்சில் நின்றது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாகிறது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்கிறார். தண்ணீர் இருக்கும்போது ஏது சலுகை என்கிறார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அத்தோழர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்து, தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள். அபூதாவூதில் உள்ள இந்த ஹதீஸைப் பட்டயத் தேர்வில் நாம் பிழையின்றி எழுதியிருக்கிறோம், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். அந்தத் தோழர்களின் வரிசையில் நம்மையும் ஒருநாள் நிறுத்திப் பார்க்க நேரும் என்று அன்று தோன்றவில்லை.

அதே நூலில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவொன்றில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையாகிறது. குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சி, தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழவைக்கிறார். நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்ற கருத்துடைய இறைவசனத்தைக் காரணமாகச் சொல்கிறார். நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. குளிரைப் பற்றிப் பாடம் நடத்தியவருக்கு இந்தச் சிரிப்பு அல்லவா முதலில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்? நம் மேடைகளில் சிறப்புகளைச் சொல்வோர் பலர். சலுகைகளைச் சொல்லத் தயங்குகிறோம். சொன்னால் மக்கள் சோம்பிவிடுவார்கள் என்ற அச்சம். அது அல்லாஹ்வைப் பற்றிய அச்சம் அன்று என்பது அந்த மருத்துவமனை வராந்தாவில் நமக்குப் புரிந்தது.

அந்த வார ஜும்ஆவில் நம் தவற்றை எல்லோர் முன்னும் சொன்னோம். தண்ணீரைச் சுடவைக்க வழியிருந்தால் சுடவைத்துக்கொள்வதே முறை. அதனால் நன்மை குறையாது. சிரமம் தானாக வரும்போது பொறுத்துக்கொள்வதற்குத்தான் நற்கூலி. சிரமத்தைத் தேடிப்போய் வாங்கி வருவதற்கு அன்று. ஒளுவுடன் தோலுறை அணிந்தவர், உள்ளூரில் இருந்தால் ஒரு பகலும் ஓர் இரவும், பயணி என்றால் மூன்று பகலும் மூன்று இரவும் அதன்மேல் மஸ்ஹு செய்யலாம். சுடவைக்க வழியே இல்லாமல், நோயோ உயிராபத்தோ நேரும் என்று உண்மையாகவே அஞ்சும் நிலையில் தயம்முமுக்கு இடம் உண்டு. அதன் விரிவில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால் அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு முதியவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது: “இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல.” ஷாஃபிஈ சகோதரர்கள் அன்று மாலையே பெரிய அண்டா ஒன்றைக் கொண்டுவந்து ஒளுச் செய்யும் இடத்தருகே அடுப்புக் கூட்டினார்கள். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் விறகாயின.

அதே ஜனவரியில் லெபனானில் ‘நோர்மா’ என்று பெயரிடப்பட்ட புயல், அர்சால் பகுதியில் சிரிய அகதிகளின் கூடாரங்கள் மேல் பனியைக் கொட்டியிருந்தது. தொழுகைக் கூடத்தில் இருந்தோர் கைபேசியில் அந்தப் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டனர். பனியை எதிர்பாராத நிலங்களிலும் அது விழத்தான் செய்கிறது. 2008 ஜனவரி 11, ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், பக்தாத் மக்கள் தம் வாழ்நாளில் கண்டிராத பனியைக் கண்டார்கள். 2016 டிசம்பரில் அல்ஜீரியாவின் ஐன் ஸெஃப்ராவில் செம்மணல் மேடுகள் வெளுத்தன. வானிலுள்ள மலைகளிலிருந்து ஆலங்கட்டியை இறக்கி, தான் நாடியவரை அதனால் தீண்டச் செய்வதாகவும், நாடியவரை விட்டு அதை விலக்குவதாகவும் அந்நூர் அத்தியாயத்தின் 43ஆம் வசனத்தில் அல்லாஹ் கூறுகிறான். ஒருவருக்குக் காட்சி, ஒருவருக்குக் கருகிய செடி, ஒருவருக்கு நனைந்த கூடாரம். அதே பனியைக் கொண்டு பாவத்தைக் கழுவக் கேட்கும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஜனாஸாத் தொழுகையின் துஆ ஒன்றிலும் இறந்தவருக்காக அப்படியே கேட்கிறோம். பாலைவன வெயிலில் வாழ்ந்தோருக்கு அந்தச் சொல் எத்தனை குளிர்ச்சியாக இருந்திருக்கும் என்று முன்பெல்லாம் விளக்குவோம். இப்போது அந்த இடத்தை ஓதும்போது, பீப்பாயில் மிதந்த பனி ஏடும் உடைந்து ஓரத்தில் கிடந்த அதன் சில்லுகளும் கண்முன் வருகின்றன.

சிறுவன் ஆறு நாளில் வீடு திரும்பினான், அல்ஹம்துலில்லாஹ். நாம் ஊருக்குப் புறப்பட்ட அன்று சந்தித்தபோது அவன் நம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹஜ்ரத்துக்குத் தன்னால் கெட்ட பெயர் வந்துவிட்டது என்று வருந்தினானாம். அதைக் கேட்டபோது, அவன் தாய் கேட்ட கேள்வியைவிட அது நமக்குக் கனமாக இருந்தது. அவன் தலையைத் தடவி மன்னிப்புக் கேட்டோம். பிள்ளையிடம் ஹஜ்ரத் மன்னிப்புக் கேட்பதா என்று அவனுடைய அத்தா பதறினார்.

காலம் ஓடிவிட்டது. அவன் இப்போது நம் போடியில், ஏலக்காய் தரம் பிரிக்கும் கடை ஒன்றில் வேலை கற்றுக்கொள்கிறான். இழுப்பு முழுவதும் விட்டபாடில்லை. சட்டைப்பையில் மருந்துக் குழல் எப்போதும் இருக்கிறது. மார்கழி வந்துவிட்டால், ஸுப்ஹு பாங்குக்கு முன்பே பள்ளிக்கு வந்து குழாயைத் திறந்து விரலை நீட்டிப் பார்ப்பான். பிறகு நாம் இருக்கும் பக்கம் திரும்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பான்:

“அண்டாவுல சுடுதண்ணி இருக்கா ஹஜ்ரத்?”