கடலைப் பார்க்காத பாட்டி

தாய் தகப்பன் இல்லாத குழந்தைகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், நம் எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது: சாப்பாடு, துணிமணி, படிப்பு. சிரிப்பும் விளையாட்டும் அந்த ஜாபிதாவில் சேருவதில்லை. யாராவது சேர்க்கப் போனால் சிலருக்குக் கோபம்கூட வந்துவிடுகிறது. 2006-ஆம் வருஷம் மே மாதம், நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறு இல்லத்துக் குழந்தைகள் 17 பேரைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போகப் போகிறோம் என்று சொன்னதும், எனக்கு வேண்டிய பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, அந்தப் பணத்துக்கு ஆளுக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தால் புண்ணியமாவது உண்டு. அநாதைப் பிள்ளைகளுக்கு மலைவாசம் கேட்கிறதோ?" என்றார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஊரே அப்படித்தான் நினைத்தது.

நெல்லிக்குப்பம் கரும்புக்கும் வெற்றிலைக்கும் பெயர்போன ஊர். 1842-ல் தொடங்கிய சர்க்கரை ஆலை அங்கே இருக்கிறது. அரைவை நடக்கும் மாதங்களில் காற்றிலேயே வெல்லப்பாகு வாசனை அடிக்கும். ஆனால் அந்த இல்லத்துக் குழந்தைகள் அந்த ஊர்க்காரர்கள் அல்லர். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று கடற்கரைக் குப்பங்களில் பிறந்தவர்கள். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. இரண்டரை மணி நேரம் போவதற்குள் அலை நம் கரையை எட்டிவிட்டது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காகக் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசாங்கமே இல்லங்கள் திறந்தது. தனியார் நடத்திய சிறு இல்லங்களும் இருந்தன. நான் சொல்லுவது அப்படிப்பட்ட ஒன்று.

இல்லத்தை நடத்திய அம்மாள் என் தமக்கையின் சிநேகிதி. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கதைகள் எழுதத் தொடங்கியிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்குக் கதை சொல்லப் போவேன். அங்கே அடிக்கடி ஒரு காட்சியைப் பார்த்திருக்கிறேன். யாராவது தம் பிறந்த நாளுக்குச் சாப்பாடு கொண்டு வருவார்கள். குழந்தைகள் வரிசையாக நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். ஒரு போட்டோ எடுப்பார்கள். அப்புறம் இலை போடுவார்கள். கொடுப்பவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் வாரத்துக்கு மூன்று முறை கையேந்தி நன்றி சொல்லும் குழந்தையின் முகத்தில் ஒரு களை குறைந்துபோகிறது. கடலுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் ஒன்றரை வருஷமாக ஒரு குழந்தையாவது கடல் என்ற வார்த்தையை வாயால் சொன்னதில்லை என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்.

"அதுகளை எங்கேயாவது உயரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகணும் தம்பி" என்றார் ஒரு நாள். அவ்வளவுதான். மலைப் பயணம் நிச்சயமாகிவிட்டது.

பண்ருட்டி, உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாக வேனில் போனோம். 2019-ல்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. நாங்கள் போன நாளில் அது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மலை ஏறத் தொடங்கினோம். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் முகாம். சாரணர் படையிடம் இரவல் வாங்கிய கூடாரங்கள் நான்கு. அவற்றை எப்படி நிறுத்துவதென்று நானும் வேன் டிரைவரும் விழித்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் என் கையிலிருந்த கயிற்றை வாங்கி, "இந்த முடிச்சு காத்துக்கு நிக்காதுண்ணே" என்று சொல்லி அவிழ்த்துவிட்டு வேறு முடிச்சுப் போட்டான். கட்டுமரம் கட்டுகிற முடிச்சு! அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கை. மற்றப் பையன்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கால் மணி நேரத்தில் நான்கு கூடாரமும் நின்றன. அன்று ராத்திரி அடித்த காற்றுக்கு ஒரு கயிறுகூட நெகிழவில்லை.

மூன்று கல் வைத்துக் குழந்தைகளே சமைத்தார்கள். எங்களை உட்காரவைத்து அவர்களே பரிமாறினார்கள். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. "போதுமாண்ணே, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று ஒரு சிறுமி உபசரித்தபோது, அவள் குரலில் அதுவரை நான் கேட்டிராத ஒரு மிடுக்கு இருந்தது.

படுக்கப் போகும் நேரம். எல்லோரிலும் சின்னவன் ஒருவன் என் பக்கத்தில் வந்து, ரகசியமாக, "அண்ணே, கடலு இங்க ஏறி வருமா?" என்று கேட்டான்.

"வராதுடா. இது இரண்டாயிரம் அடிக்கு மேலே. அந்த அலை பனைமர உயரம்கூட இல்லை."

அவன் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தான். "அப்ப எங்க ஊரையும் இங்கயே கொண்டாந்து வெச்சிருக்கலாமில்ல?" என்றான்.

அதற்கு என்ன பதில் சொல்லுவது? போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பக்கத்து மலையாளிப் பாட்டி ஒருத்தி வந்தாள். மலையாளி என்றால் கேரளத்துக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் அந்த மலைக் குடிகளுக்கு அந்தப் பெயர். பேசுவது தமிழ்தான். ஒரு சட்டியில் சாமைக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள்.

"எந்த ஊருப் புள்ளைங்க நீங்க?"

"தேவனாம்பட்டினம் பாட்டி. கடல்கரை."

"கடலா? அது எப்பிடி இருக்கும்? நான் கண்டதில்லையே!"

குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினார். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு முடிச்சுப் போட்ட பையன் மெதுவாக ஆரம்பித்தான்: "தண்ணிதான் பாட்டி. ஆனா அந்தக் கரை தெரியாது..."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. விடியற்காலையில் அது என்ன நிறம், நிலாக் காலத்தில் எப்படி மின்னும், வஞ்சிரம் வலையில் விழுந்தால் எப்படி உதறும், அம்மா கூடையைத் தலையில் வைத்து எப்படி நடப்பாள் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னார்கள். பாட்டி "ஐயோ, எஞ்சாமி!" என்றாளே தவிர, ஆறுதலாக எதுவும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பரிதாபப்படத் தெரிந்தவர்களையே பார்த்துப் பழகிய அந்தக் குழந்தைகளுக்கு, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பிய ஒரு ஜீவன் முதல் முறையாகக் கிடைத்திருந்தது.

நான் ஒன்று மட்டும் சொன்னேன். இந்த மலையில் விழும் மழைதான் கோமுகியாகி, மணிமுத்தாற்றோடு சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடலில் சேருகிறது என்றேன். "அப்ப பாட்டி வீட்டுத் தண்ணிதான் எங்க கடலா?" என்றாள் பரிமாறிய சிறுமி. பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு ராத்திரி தங்கிவிட்டு இறங்கினோம். புறப்படும்போது அந்தச் சிறுமி பாட்டிக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள்: "ஒனக்குச் சங்கு அனுப்பறேன் பாட்டி. காதுல வெச்சா கடலு கேக்கும்."

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சங்கு பொறுக்க வேண்டுமென்று குழந்தைகளே கேட்டுக்கொண்டு தேவனாம்பட்டினம் போனார்கள். நானும் போனேன். முதலில் தள்ளியே நின்றார்கள். பிறகு ஒருவன் காலை நனைத்தான். அப்புறம் இன்னொருவன். சின்னவன் மட்டும் என் விரலை விடவில்லை. இருந்தாலும் அவன் கடலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். சாயங்காலம் ஒரு பை நிறையச் சங்கும் கிளிஞ்சலும் சேர்ந்தன. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் மேல்பார்வை என்று விலாசம் எழுதிக் கொடுத்தேன். அனுப்புவோர் என்ற இடத்தில் 17 பேரும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள்.