ஒரு தடவை போதும்

இப்போதெல்லாம் என்னிடம் வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் செல்போனை நீட்டுகிறார்கள். உள்ளே வரிசையாகப் பூட்டுகள். கேஸ் ரெகுலேட்டர், தண்ணீர் மோட்டார் சுவிட்ச், இஸ்திரிப்பெட்டி பிளக். "கிளம்பும்போது ஒரு போட்டோ எடுத்துக்குங்க, சந்தேகம் வந்தா பாத்துக்கலாம்" என்று யாரோ ஒரு ஆலோசகர் சொல்லியனுப்பியிருப்பார். அவரும் உளவியல் படித்தவர்தான். அதுதான் எனக்கு ஆறவில்லை. முன்பு பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடியவர், இப்போது பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பூட்டைப் பார்க்கிறார். அப்புறம் 'இது இன்னைக்கு எடுத்ததா, நேத்து எடுத்ததா' என்று தேதியைப் பார்க்கிறார். அப்புறம், படம் எடுத்த பிறகு பூட்டைத் தொட்டோமோ என்று ஒரு சந்தேகம். நோய் வாசலை விட்டுச் சட்டைப்பைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வருகிற சித்திரையோடு திருத்தங்கலில் என் சிகிச்சை அறையை மூடுகிறேன். அதற்குமுன் இந்த நோய்க்கான வைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். "வீட்டைப் பூட்டிட்டுத் திரும்பிப் பாக்காமப் போங்கன்னு சொல்றதுக்கு ஐந்நூறு ரூபாயா சார்?" என்று நோயாளி ஒருவரின் அண்ணன் என் எதிரிலேயே கேட்டார். அவருக்குச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதும் இதில் இருக்கிறது.

இப்படித் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைக்கும் ஓசிடி நோயை எங்கள் ஊரில் கையாள்வது வேறு ஊர்களில் கையாள்வது போல் இருக்காது. இங்கே சரிபார்ப்பதுதான் பிழைப்பு. பட்டாசு ஆபீஸில் (ஆலையை இங்கே ஆபீஸ் என்போம்) வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தை இறக்க வேண்டும். நைலான் துணி கூடாது. கலந்த மருந்து மீந்தால் மறுநாளுக்கு வைக்கக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் வருஷம் தவறாமல் ஏதோ ஒரு வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த மண்ணில் வளர்ந்த ஒருவரைப் பார்த்து "அப்படியெல்லாம் நடக்காதுங்க" என்று சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். போகத்தான் வேண்டும். ஆபத்து எவ்வளவு அபூர்வம் என்று கணக்குப் போட்டுக் காட்டும் வாதம் மற்ற ஊர்களில் ஓரளவு எடுபடலாம். இங்கே எடுபடாது.

அதனால் ஃபோர்மேன் ஒருவர் வந்தால், முதலில் அவருடைய ஆபீஸ் நடைமுறையைக் கேட்டு எழுதிக்கொள்வேன். எந்த அறையை யார் எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும், மீந்த மருந்தை என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நடைமுறை சொல்கிற சோதனை வேலை. அது முடிந்த பிறகு வருகிற இரண்டாவது சோதனை நோய். வேலையை நான் தொட மாட்டேன், நோயை விட மாட்டேன். வீடியோவில் ஆலோசனை சொல்லும் வெளியூர்க்காரர் ஒருவர், மருந்து அறைச் சோதனையையே ஒரு வாரம் விட்டுப் பார்க்கச் சொன்னாராம். பட்டாசு ஆபீஸ் வாசலைக்கூட மிதிக்காமல் இந்த ஊர் ஃபோர்மேனுக்கு வீட்டுப்பாடம் எழுதலாமா?

பயிற்சி வீட்டில் தொடங்கும். கேஸை மூடு, ஒருமுறை பார், கையை எடு, நட. பூட்டை இழுத்துப் பார்க்கக் கூடாது. "பூட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பையில் சாவியைத் தடவக் கூடாது. நின்ற நாராயணப் பெருமாள் கோயில் குன்றேறி உட்கார்ந்து, பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். அங்கே போய் "ஒண்ணும் ஆகக் கூடாது பெருமாளே" என்று வேண்டிக்கொள்ளவும் கூடாது. இதைச் சொன்னால் பலருக்கு என்மேல் கோபம் வரும். சாமி கும்பிடுவதை நான் தடுக்கவில்லை. மனசுக்குள் நடக்கும் பூட்டு இழுப்பைத்தான் தடுக்கிறேன். பதற்றம் தானே இறங்கினால் நல்லது. இறங்காவிட்டாலும், அதைச் சுமந்துகொண்டே அன்றைய வேலையைப் பார்க்க முடிகிறது என்று தெரிந்துகொள்வது அதைவிட நல்லது. பயத்தைச் சந்தித்தும் சரிபார்க்காமல் இருப்பதுதான், லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் எழுதிவைத்த வழியின் சாரம்.

"நல்லா ஞாபகம் வர்ற வரைக்கும் பாத்துட்டுப் போயிடறேனே சார்" என்று எல்லோரும் ஒருமுறை கெஞ்சுவார்கள். அவர்களுக்கு 2003-இல் வெளியான ஒரு சோதனையைச் சொல்வேன். நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இருவர், நோயில்லாத மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்ப மூடிச் சரிபார்க்க வைத்தார்கள். இன்னொரு குழு விளக்குகளைச் சரிபார்த்தது. கடைசியில் அடுப்பைப் பற்றி இரு குழுவிடமும் கேட்டபோது, நினைவு சரியாகவே இருந்தது. ஆனால் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நினைவின் தெளிவும் அதன்மேல் இருந்த நம்பிக்கையும் குறைந்துபோயிருந்தன. ஒரே சொல்லை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் பொருள் கழன்றுவிடுவது போல. 2006-இல் ராடோம்ஸ்கியும் உடனிருந்தவர்களும் நிஜ அடுப்பை வைத்துச் செய்தார்கள். அங்கும் நம்பிக்கை குறைந்தது. ஆகவே ஞாபகம் வருவதற்காகப் பார்க்கிறவர், பார்ப்பதாலேயே ஞாபகத்தை நம்பாதவர் ஆகிறார். ஃபோர்மேன்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

இந்தத் தொழிலில் என்னைப் படுத்தியெடுத்தது இதெல்லாம் இல்லை. பொறுப்பு கைமாறுகிற விஷயம்தான். உளவியலாளர் சால்கோவ்ஸ்கிஸ் 1985-இல் எழுதியதைப் படித்தவர்களுக்கு அதன் வேர் தெரியும். கேடு வந்தால் பழி முழுவதும் தன்னுடையது என்று நினைப்பதுதான் இந்த நோயின் முதுகெலும்பு. அப்படிப்பட்டவர் நான் சொன்னதும் மறுபேச்சில்லாமல் பூட்டைத் தொடாமல் போகிறார் என்றால், உடனே சந்தோஷப்படக் கூடாது. அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது: 'சார் சொல்லித்தான் விட்டேன், தீப்பிடிச்சா சார் பொறுப்பு.' நோயின் கடுமையை அளக்கும் ஒய்-பாக்ஸ் மதிப்பெண் அழகாக இறங்கும். குடும்பம் கையெடுத்துக் கும்பிடும். சிகிச்சை முடிந்து அவர் தனியாக நிற்கிற மாதத்தில், பொறுப்பை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல், பழையபடி வாசலில் நிற்பார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. வீட்டுப்பாடத்தை அளவுக்கு மீறி விவரமாகச் சொல்வார்கள். "ஏழு மணிக்கு மூடுனேன் சார், இடதுபக்கமாத்தான் திருப்புனேன், ஒரு தடவைதான் பாத்தேன். சரிதான சார்?" அந்த 'சரிதான'வுக்குள் பூட்டு இழுப்பு மொத்தமும் இருக்கிறது. நான் தலையாட்டினால் அவருக்காக நான் சரிபார்த்துக் கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். தலையாட்டாமல், முகம் சுளிக்காமல், கோபம் இல்லாமல், "தெரியலையே" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போக வேண்டும். பச்சாதாபம் உள்ள மனிதனுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று செய்துபார்த்தால்தான் தெரியும். எதிரே ஒருவர் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு 'ஆமா' போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். அதைத் தராமல் இருப்பதற்குத்தான் அந்த ஐந்நூறு ரூபாய்.

பாதிச் சிகிச்சைக்கு மேல் பாடத்தை அவர்களையே எழுதச் சொல்வேன். எந்த நாள், எந்தப் பூட்டு என்று எனக்குச் சொல்லக் கூடாது. செய்ததையும் சொல்லக் கூடாது. வீட்டாருக்கும் பாடம் உண்டு. "ஏங்க, மூடிட்டேனா?" என்று மனைவி கேட்டால் கணவர் "மூடிட்ட" என்று சொல்லக் கூடாது. "சார் பதில் சொல்லக் கூடாதுன்னுருக்காரு" என்று முதல் வாரங்களில் சொல்லலாம். ஆனால் அதிலும் சார் வந்துவிடுகிறார், பாருங்கள். பிறகு "அது உன் முடிவும்மா" என்பதோடு நிறுத்த வேண்டும். மாமியார்கள் இதைக் கல்மனசு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இது சுருக்கமான சிகிச்சைதான். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2005-இல் தந்த வழிகாட்டுதல், லேசான நோய்க்கு வைத்தியரின் நேரம் பத்து மணி நேரத்துக்குள் அடங்கும் என்கிறது. நார்வேயின் பெர்கனில் ஹான்சனும் க்வாலேயும் நாலு நாளில் முடிக்கும் முறையையே உருவாக்கினார்கள். நோய் முற்றியிருந்தால் மனநல மருத்துவரின் மாத்திரையும் சேர்ந்தே வேண்டும். ஆனால் மணிக்கணக்கு குறைந்தால் வேலையும் குறையும் என்று இளைய ஆலோசகர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நேரம் குறையக் குறைய, வைத்தியர் ஒவ்வொரு நிமிஷத்திலும் கவனமாக இருக்க வேண்டும். இவர்களோ மூச்சுப்பயிற்சி தருகிறார்கள். மணிக்கட்டில் ரப்பர் பேண்டு மாட்டி, எண்ணம் வந்தால் சுண்டச் சொல்கிறார்கள். நோயாளியோடு அடுப்படிக்குப் போய் நிற்க யாருக்கும் நேரமில்லை. இரண்டு வருஷம் எம்ஃபில் படித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்று, வார்டில் நின்று கற்றதற்கும் மூன்று மாதச் சான்றிதழுக்கும் ஒரே பலகை, ஒரே 'கவுன்சிலர்' பட்டம்.

இந்த நோய் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், வைத்தியரிடம் முதல் நாளே இரண்டு கேள்வி கேளுங்கள். பயத்தை எப்படி நேருக்கு நேர் சந்திக்க வைப்பீர்கள்? நாங்கள் வீட்டில் எதைச் சொல்லக் கூடாது? இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். யாரிடம் போவதென்றே தெரியவில்லையா, அரசின் டெலிமனஸ் 14416-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. செல்போனில் இருக்கும் பூட்டுப் படங்களை அழிக்கச் சொல்லுங்கள். அழித்தாயா என்று மட்டும் திரும்பக் கேட்காதீர்கள்.