ஏ.சி. இருந்தும் வியர்க்கிறதா?

கோடை பிறந்துவிட்டால் போதும், நாலு பெண்கள் கூடுகிற இடத்தில் பேச்சு கடைசியில் ஏ.சி.யில் போய்த்தான் நிற்கும். "போட்டு ஒரு மணி நேரமாகியும் ரூம் குளிர மாட்டேங்குதுங்க" என்பார் ஒருவர். "பதினாறில வெச்சாலும் புழுக்கம் போகலையே" என்பார் இன்னொருவர். "ஏ.சி. காத்துல குளிரலை, கரெண்ட் பில்லைப் பார்த்தாத்தான் உடம்பு ஜில்லுனு ஆகுது!" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார்.

கடனோ உடனோ வாங்கி ஒரு பெட்டியை மாட்டிவிடுகிறோம். அதோடு நம் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். பெட்டியோடு வீடும் ஒத்துழைத்தால்தான் அறை குளிரும் என்பது எங்கள் வீட்டில் ஒரு கோடையில் நன்றாகத் தெரிந்தது. இளம் தாய்மார்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

2023 மே மாதம். நாங்கள் இருப்பது சென்னை பெரம்பூரில், அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில். தலைக்கு மேலே மொட்டை மாடி. என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிய நாட்கள் அவை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒன்றரை டன் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும், இருபது நாள் குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்திருக்கும். தையல் வலியோடு ராத்திரியெல்லாம் விழித்திருந்த மகள் ஒருநாள் விடிகாலையில் சொன்னாள்: "அம்மா, தப்பா நினைக்காதே. நான் கோயம்புத்தூருக்கே போயிடட்டுமா? அங்கே ஃபேன் காத்துலயே பாப்பா தூங்கிடும்."

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண், மூன்று மாதம் இருக்கவேண்டியவள், ஒரு மாதம்கூட ஆகாமல் மாமியார் வீட்டுக்குத் திரும்புவதென்றால் பெற்றவள் மனசு என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும்.

மெக்கானிக்கை வரவழைத்தோம். ரிமோட்டை நாலு தட்டுத் தட்டிவிட்டு, "கேஸ் தீர்ந்திருக்கும்மா. கேஸ் போட்டும் சரியாகலேன்னா இதைக் கொடுத்துட்டு ரெண்டு டன்னா மாத்திடுங்க" என்றார். என் கணவர் அப்போதே தவணைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

கீழ்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வேயில் ஏ.சி. பெட்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று போனேன். "கேஸ்ங்கிறது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோற சமாச்சாரம் இல்லேம்மா. குழாய்க்குள்ளேயே சுத்திச் சுத்தி வர்றது. குறைஞ்சிருந்தா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். கசிவை அடைக்காம கேஸ் போட்டா அடுத்த வருஷமும் போடணும். முதல்ல ஒரு தெர்மாமீட்டர் கொண்டாங்க, பார்ப்போம்" என்றார்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இல்லை. அறைச் சூட்டைக் காட்டும் சின்ன தெர்மாமீட்டர், கடையில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. ஏ.சி.யை இருபது நிமிஷம் ஓடவிட்டு, பெட்டி மேல்பக்கமாக உள்ளே இழுக்கும் காற்றின் சூட்டையும், கீழே வாய் வழியாக விடும் காற்றின் சூட்டையும் அளந்தார். இரண்டுக்கும் சுமார் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாமாம். எங்களுக்குப் பத்து இருந்தது. ஃபில்டரைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான் குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டிவிடுவதால் அதிலும் அடைப்பில்லை. "மெஷின் மேலே பழி போடாதீங்க. உங்க ரூம்தான் குற்றவாளி!" என்று சிரித்தார் பெரியவர்.

ஏ.சி. குளிரைத் தயாரித்துக் கொடுக்கிற பெட்டி என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது அறைக்குள் இருக்கும் சூட்டையும் ஈரத்தையும் அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். 'டன்' என்ற சொல்லே அந்தக் கணக்கில் வந்ததுதான். ஐஸ் மெஷின்கள் வராத காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி மதராஸுக்கு வந்தது. அதைச் சேமித்து வைக்க 1842-ல் கட்டியதுதான் நம் கடற்கரைச் சாலை ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம். ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு சூட்டை ஒரு டன் ஏ.சி. வெளியேற்றும். வாட் கணக்கில் சுமார் 3500. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் ஒருவரின் உடம்பு விடுகிற சூடு சுமார் 100 வாட்தான். எங்கள் ஒன்றரை டன் பெட்டிக்கு அறையிலிருந்த மூன்று பேர் ஒரு பொருட்டே இல்லை. அப்படியென்றால் மிச்சச் சூடு எங்கிருந்து வந்தது?

கூரையிலிருந்து! கட்டில்மேல் ஸ்டூல் போட்டு ராத்திரி பத்து மணிக்கு என் கணவர் கூரையைத் தொட்டுப் பார்த்தார், கை சுட்டது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் வெகுநேரம் சூடாக இருப்பதில்லையா? பகலெல்லாம் வெயிலை வாங்கிய காங்கிரீட்டும் அப்படித்தான், பாதி ராத்திரி வரை சூட்டைக் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். படகில் ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்த கதைதான் எங்களுடையது. பெரிய வாளி வாங்கினால் மட்டும் படகு கரை சேருமா?

அந்தக் காலத்து 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகளில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்திட்டு, செங்கல் ஜல்லி போட்டு, தட்டோடு பதிப்பார்கள். அத்தனை கனத்தைத் தாண்டிச் சூடு சுலபத்தில் இறங்காது. இன்றைக்கு நம் தலைக்கு மேல் இருப்பதோ ஐந்தாறு அங்குலக் காங்கிரீட். அதன் மேல் வெள்ளையாகப் பூசிவிட்டால் வெயிலில் பெரும்பகுதி பட்ட இடத்திலிருந்தே திரும்பிவிடும். தெலுங்கானா அரசு 2023-ல் இந்தக் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. அதனால் எதிர்வீடு, கீழ்வீடு எல்லாரிடமும் சொல்லிவிட்டு, தளத்தைத் தேய்த்துக் கழுவி, கிளிஞ்சல் சுண்ணாம்பும் வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்து எங்கள் அறைக்கு மேலே இரண்டு கை பூசினோம். கூலியோடு மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கையில் பணம் இருப்பவர்கள் இதற்கென்றே வரும் வெள்ளை பெயிண்டோ, வெள்ளை ஓடோ போடலாம். அது பல வருஷம் நிற்கும். சுண்ணாம்பை மழை கரைத்துவிடும், வருஷா வருஷம் பூசவேண்டும்.

அடுத்தது மேற்குப் பார்த்த ஜன்னல். உள்ளே கனமான திரை போட்டிருந்தோம். "கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்தாச்சுன்னா அப்புறம் திரை என்னம்மா பண்ணும்? தடுக்கறதை வெளியிலேயே தடுக்கணும்" என்றார் பெரியவர். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். மத்தியானம் ஒரு மணிக்கு இறக்கி, பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடுவேன்.

மூன்றாவது, வெளியே இருக்கும் பெட்டி. அள்ளிய சூட்டைக் கொட்டுகிற இடம் அதுதான். எங்கள் பால்கனியில் அது பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதென்று வீடு கட்டியவர்களே மரச்சட்டம் வைத்து மூடியிருந்தார்கள். விட்ட அனலையே அது திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. சட்டத்தைக் கழற்றினோம். மெயினை அணைத்துவிட்டு, பின்புறத் தகடுகளில் அப்பியிருந்த தூசியையும் புறா இறகையும் தண்ணீர் விட்டுக் கழுவினோம். அந்தப் பெட்டிக்கு நிழல் நல்லதுதான். ஆனால் முன்னும் பின்னும் காற்றுப் போக்குவரத்து தாராளமாக இருக்கவேண்டும். துணி காயப்போடுவது, பழைய சாமான் அடுக்குவது எல்லாம் அதன் எதிரே கூடாது.

நாலாவது ஈரம். கடலோர ஊர்க்காரர்களுக்கு வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய தொந்தரவு. 1902-ல் வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்கர் ஏ.சி.யை வடிவமைத்ததே மனிதர்கள் குளிர்காய அல்ல! நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் காகிதம் உப்பி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அந்த ஈரத்தைப் போக்கத்தான். அளவுக்கு மீறிப் பெரிய ஏ.சி. சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும்; ஈரத்தைப் பிழிய அதற்கு நேரம் போதாது. அறை ஜில்லென்று இருக்கும், உடம்பு பிசுபிசுக்கும். இரண்டு டன் வாங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் அறையிலோ பாப்பாவின் ஈரத்துணிகள் கொடியில் தொங்கின. குளியலறைக் கதவு எப்போதும் ஒருக்களித்தே இருக்கும். துணியைக் கூடத்துக்கு மாற்றினோம். குளியலறைக் கதவைச் சாத்தி வைத்தோம். வாசல் கதவின் அடி இடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தேன். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது அறைக் கதவு திறந்திருந்தால் குளிர்ந்த காற்றெல்லாம் அந்த வழியாகப் போய்விடும், அதையும் கவனித்துக்கொண்டேன்.

பூசுவதற்கு முன் ராத்திரி பத்து மணிக்கு அறையில் 31 டிகிரி இருந்தது. இத்தனையும் முடிந்த வாரத்தில் அதே நேரத்துக்கு, அதே பெட்டியில், 26. வேர்க்குரு நாலைந்து நாளில் வாடிவிட்டது. மகள் கோயம்புத்தூர் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் மாதம் முடிந்து நல்ல நாள் பார்த்துத்தான் அனுப்பி வைத்தோம்.

ரிமோட் விஷயத்துக்கு வருகிறேன். பதினாறில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று எண்ணவேண்டாம். சாதாரண ஏ.சி. எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும்; எண் குறைந்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. நட்சத்திர லேபிள் தருகிற மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு, 2020 முதல் புது ஏ.சி.க்களைப் போட்டவுடன் 24-ல் தொடங்கும்படி செய்திருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. 26-ல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் சுகமான தூக்கம் வரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் கூடிவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் சில விஷயங்கள். ஏ.சி. காற்று குழந்தை மேல் நேராகப் படக்கூடாது. குளிர்கிறதா என்று உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பதைவிட மார்பையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். ஸ்பிலிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றவிடும். காலையில் அரை மணி நேரமாவது ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணி காட்டுவது நம் வழக்கம். மூடிய ஏ.சி. அறையில் அது வேண்டாம், கொசுவர்த்தியும் வேண்டாம். புகை பிஞ்சு நுரையீரலுக்கும் ஆகாது, ஃபில்டருக்கும் ஆகாது. குழந்தையின் உடம்பு அனலாகக் கொதித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, ரிமோட்டை நோண்டிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

புது ஏ.சி. வாங்கக் கிளம்பும் முன் செலவில்லாத வேலைகளை முதலில் செய்து பாருங்கள்: ஃபில்டர், கதவிடுக்கு, ஈரத்துணி, வெளிப்பெட்டி. தட்டியும் சுண்ணாம்பும் அதற்கு அடுத்தபடி. சுண்ணாம்புக்குப் பங்குனி மாதமே சரியான காலம். கத்திரி தொடங்கிவிட்டால் மொட்டை மாடியில் கால் வைக்க ஆள் கிடைக்கமாட்டார்கள்!